சட்டைத் தெறி பூட்டப் பழகும் வயது: பதின்ம வயதினருக்கான இயக்கவழிச் சிகிச்சை

பதினான்கு வயதுப் பையன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். சட்டைத் தெறி பூட்ட ஐந்து நிமிடம் எடுக்கும். கொப்பியில் எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும். வட்டம் கீற வெளிக்கிட்டால் கொம்பாஸ் முனை வழுக்கித் தாள் கிழியும். பந்தை எறிந்தால் அது நெஞ்சில் பட்ட பிறகுதான் கை உயரும். வகுப்பில் அவனுக்குப் பெயர் "மொக்கன்". வாப்பாவுக்கு அவன் "சோம்பேறி". உம்மும்மா மட்டும், "வளந்தாச் சரியாப் போகும், நான் எத்தனை புள்ளைகளப் பாத்திருக்கிறன்" என்பார். மூன்று பேர் சொல்வதும் பிழை. கடைசிப் பிழை அன்பால் வந்தது என்பதால் வீட்டில் அதைத்தான் கூடுதலாக நம்பிவிடுகிறார்கள். அதற்குள் வருடங்கள் போய்விடுகின்றன.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: வளர்ச்சிசார் ஒருங்கியக்கக் குறைபாடு. தசையில் பலவீனமில்லை, நரம்பு அறுபடவில்லை, பார்வையும் சரி. ஆனாலும் வயதுக்கேற்ற அசைவு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேருக்கு இது இருக்கிறது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அப்படியென்றால் முப்பது, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர், இருவர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அவதானக் குறைவும் சேர்ந்திருக்கும். வாசிப்புச் சிரமம், பேச்சுத் தாமதம், ஓட்டிசம் ஆகியவற்றோடும் இது கைகோத்து வரும். புத்தி வளர்ச்சிக் குறைவு உள்ள பிள்ளைகளிலும், டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும் அசைவுச் சிரமம் இருக்கிறது. அதற்குக் காரணங்கள் வேறு என்றாலும், கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

இந்தப் பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? இருட்டில் படியிறங்கும்போது, படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்துப் பாருங்கள். உடம்பு முழுதும் ஒரு திடுக்கம் எடுக்கும். காரணம், கால் தரையைத் தொடுமுன்பே மூளை ஒரு கணக்குப் போட்டுவிட்டது: இவ்வளவு ஆழம், இவ்வளவு பாரம், இந்த நேரம். நாம் கோப்பையை எடுப்பது, கதவைத் தள்ளுவது, எழுதுவது எல்லாம் இப்படி முன்கூட்டிப் போட்ட கணக்கில்தான் ஓடுகின்றன. கணக்குப் பிழைத்தால் உடனே திருத்தி, அடுத்த முறைக்கு நினைவில் வைக்கிறோம். நாம் சொல்லும் பிள்ளைக்கு இந்த முன்கணக்கு துல்லியமாக வருவதில்லை, திருத்தமும் மெதுவாகத்தான் பதிகிறது. எனவே மற்றவர்களுக்குத் தன்பாட்டில் நடக்கிற காரியத்தை அவன் ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்யவேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுருண்டு படுத்துக்கொள்கிறான் என்றால் அது சோம்பல் அல்ல, களைப்பு.

பதின்ம வயதில் இது இன்னும் இறுகும். ஒரே வருடத்தில் கைகால் நீண்டுவிடுகிறது. பழைய அளவில் எப்படியோ பழகி வைத்திருந்த கணக்கெல்லாம் பொருந்தாமல் போகிறது. சிறு வயதில் உம்மா தெறி பூட்டிவிட்டார். இப்போது அவனுக்கே வெட்கம். சிறு பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் பெரிய பந்து, ஊஞ்சல், வண்ண மணிகள் இவனுக்குச் சரிவராது. கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். விளையாட்டில் எந்தக் குழுவும் கேட்டு எடுக்காத பிள்ளை மெல்ல மெல்ல விளையாட்டையே விட்டுவிடுகிறது, உடம்பு பெருக்கிறது, மனம் சோர்கிறது. சிறு வயதில் இக்குறைபாடு இருந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு அது பதின்ம வயதிலும் தொடர்கிறது என்றே பின்தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. உம்மும்மாவின் நம்பிக்கைக்கு ஆய்வு துணை நிற்கவில்லை.

அசைவைச் சிகிச்சையாக்கியவர்கள்

'இயக்கவழிச் சிகிச்சை' என்ற பெயருக்குள் பல கடைகள் இருக்கின்றன. சரக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஒன்று நடன அசைவுச் சிகிச்சை. அமெரிக்க நடனக் கலைஞர் மேரியன் சேஸ் 1942இல் வொஷிங்டனின் சென் எலிசபெத்ஸ் மனநோய் வைத்தியசாலையில் வேலையைத் தொடங்கினார். பேசாத நோயாளியின் முன் நின்று, அவர் அசைவதைப் போலவே தானும் அசைவார், அசைவு உரையாடலாகும். 1966இல் இத்துறைக்கு அங்கே ஒரு சங்கமே அமைந்தது. இன்னொன்று இங்கிலாந்தின் வெரோனிக்கா ஷெர்போர்ன் உருவாக்கியது. நடன ஆய்வாளர் ருடோல்ஃப் லாபானிடம் படித்த இவர், புத்தி வளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகளோடு பல்லாண்டு வேலை செய்தார். இருவர் சேர்ந்து செய்யும் அசைவுகளை அவர் மூன்று விதமாகப் பார்த்தார்: ஒருவர் மற்றவரைத் தாங்குவது, இருவரும் சமமாகப் பாரம் கொடுத்துக்கொள்வது, ஒருவரை ஒருவர் எதிர்த்துத் தள்ளுவது. முதுகோடு முதுகு சேர்ந்து உட்கார்ந்து இருவரும் தள்ளிப் பார்க்கும் விளையாட்டு இதில் ஒன்று. பதின்ம வயதுப் பையன்களுக்கு இந்த மூன்றாவது வகை நன்றாகப் பிடிக்கும். தன் உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு பலம் போடலாம் என்பது அதில்தான் தெரியவரும். வேறொன்று அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் அயர்ஸின் புலனுணர்வு ஒருங்கிணைப்பு. ஊஞ்சல், அழுத்தம், தொடுகை இவற்றால் மூளையின் புலன் வரிசையைச் சீர்ப்படுத்தலாம் என்பது அவரது கருத்து.

பக்கத்து நாட்டில் சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989 முதல் 'ராசா' என்ற நிலையத்தில் சிறப்புத் தேவையுள்ளவர்களுக்கு ஆடல், பாடல், நாடகம் வழியாகக் கற்பித்து வருகிறார். திரிபுரா காஷ்யப் இந்தியாவில் நடன அசைவுச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர். நம் நாட்டில் சுனேத்ரா பண்டாரநாயக்க 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சுனேரா மன்றத்தைச் சொல்லவேண்டும். அதன் பின்னால் இருந்தவர் வொல்ஃப்காங் ஸ்டாங்கே. லண்டனில் 1980இல் அமிசி என்ற நடனக் குழுவை அமைத்து, மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் ஒரே மேடையில் ஆடவைத்தவர். கொழும்பில் போரில் ஊனமுற்ற படையினரையும் பிறவியிலேயே குறைபாடுள்ள இளைஞர்களையும் ஒரே நாடகத்தில் சேர்த்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த மன்றம் பல மாவட்டங்களில் ஆடல், நாடகப் பட்டறைகளை நடத்திவந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதே பெயரில் ஒன்றைத் தேடுவதைவிட, ஏற்கெனவே இருக்கிற ஒன்றைக் கவனிக்கலாம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து இங்கே அரங்கக் களப்பயிற்சி என்பது பழக்கமான சொல். அதில் தேறியவர்களும் அவர்களிடம் படித்தவர்களும் ஆசிரியர்களானார்கள். நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமும் ஆயிற்று. அரங்க விளையாட்டுகளில் கண்ணாடி விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடி போலச் செய்வது. வொஷிங்டனில் மேரியன் சேஸ் செய்ததும் அடிப்படையில் இதுதான். சிகிச்சையாளர் என்ற பட்டம் இல்லாவிட்டாலும் பொறுமையுள்ள ஒரு நாடக ஆசிரியர் கையில் அரைவாசிக் கருவி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமும் இதேபோன்ற ஒரு வழியில்தான் நடந்தார். மனத் தளர்வுப் பயிற்சியை வெளியிலிருந்து இறக்குமதி செய்யாமல் அவரவர் மரபிலிருந்து எடுங்கள் என்றவர், முஸ்லிம்களுக்குத் திக்ரைச் சொன்னார்.

காசு போகும் வழி

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோரைப் போல எளிதில் ஏமாற்றக்கூடியவர்கள் குறைவு. எதையும் விற்றாவது செய்யத் தயாராக இருப்பார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1950களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டோமன், டெலகாட்டோ என்ற இருவர் ஒரு முறையைப் பரப்பினார்கள். குழந்தை தவழும் கட்டத்தைச் சரியாகக் கடக்காததால்தான் மூளை ஒழுங்காகவில்லை. எனவே நான்கைந்து பேர் சேர்ந்து பிள்ளையின் தலையையும் கைகால்களையும் பிடித்துத் தவழ்வது போல அசைத்தால், நாளுக்குப் பல தடவை வருடக்கணக்கில் அசைத்தால், மூளை மறுபடி ஒழுங்காகும் என்றார்கள். வீடே சிகிச்சைக் கூடமாயிற்று. மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1982இலும் மறுபடி 1999இலும் வெளிப்படையாகச் சொன்னது: இதற்கு ஆதாரமில்லை, குடும்பத்தின் மேல் சுமத்தும் பாரம் பெரிது. ஆனாலும் இதன் சாயல் பல நாடுகளில் வேறு பெயர்களில் இன்னும் உலாவுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையைத் தரையில் தவழவிட்டு, "இதைச் செய்தால் வாசிப்பு வரும்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று பிரெயின் ஜிம். போல் டெனிசன் என்பவர் 1980களில் பரப்பியது. வலக் கையால் இட முழங்காலைத் தொடு, காதை நீவு, தண்ணீரை வாயில் வைத்திரு என்று சில அசைவுகள். செய்தால் மூளையின் இரண்டு பக்கமும் இணைந்து படிப்பு வருமாம். ஆராய்ந்து பார்த்தவர்கள் இதன் கோட்பாட்டுக்கும் பலனுக்கும் ஆதாரம் காணவில்லை. வகுப்பில் பத்து நிமிடம் எழும்பிக் கைகால் அசைப்பதால் பிள்ளைகள் உற்சாகமாவது உண்மை. கயிறடித்தாலும் அதேதான் நடக்கும், அதற்குக் கட்டணமில்லை.

அயர்ஸின் முறை இவற்றோடு சேர்த்துத் தள்ளக்கூடியதல்ல. பயிற்சி பெற்றவர்கள் கையில் சில பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. ஆனாலும் அதே அமெரிக்கக் கழகம் 2012இல், இதன் பலன் பற்றிய ஆய்வு மட்டுப்பட்டது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டே தொடங்கவேண்டும் என்றது. நியாயமான பேச்சு.

அப்போ எதைச் செய்வது? 2019இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி ஒருங்கியக்கக் குறைபாட்டுக்கான பரிந்துரைகளை வெளியிட்டார்கள். அதன் சாரம் வெகு எளிமையானது. பிள்ளைக்கு எந்தக் காரியம் வரவில்லையோ, எதை அவன் செய்ய விரும்புகிறானோ, அதையே பழக்குங்கள். சைக்கிள் வரவில்லையா, சைக்கிளைப் பழக்குங்கள். சமநிலைப் பலகையில் ஏற்றி நிறுத்திவிட்டு சைக்கிள் தானாக வருமென்று காத்திருக்கவேண்டாம். இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 2017இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, இம்முறை பற்றிய ஆய்வுகளும் சிறியவை, தரம் குறைந்தவை என்றது. கையிலிருப்பவற்றில் இது மேலானது என்பதுதான் நிலைமை. குணமாக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தெறி பூட்டத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் உள்ள தூரம் சின்னதல்ல.

சைக்கிளும் ஒழுவும்

கனடாவில் வளர்ந்த ஒரு முறையில் பிள்ளைக்கு நான்கு சொல் பழக்குகிறார்கள்: இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு. என்ன செய்யப்போகிறேன், எப்படிச் செய்யப்போகிறேன், செய், சரிவந்ததா பார். முக்கியமான விதி, திட்டத்தைப் பெரியவர் சொல்லக்கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டு அவன் வாயிலிருந்தே வரவைக்கவேண்டும். தானே கண்டுபிடித்தது நிலைக்கிறது, வேறு காரியத்துக்கும் கைகொடுக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடத் தெரியாத பையன் பாதி ஊருக்கு வெளியே நிற்கிறான். ரியூசனுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் சிநேகிதன் வீட்டுக்கும் அதில்தான் போகவேண்டும். நல்லகாலம், குடாநாடு தட்டை நிலம், ஒழுங்கைகளும் ஏராளம். பழைய லுமாலா ஒன்றின் இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். இடப்பக்கப் பெடலின் புரி எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் புரியைத் தேய்த்துவிடுபவர்கள் பலர். சீற்றை இறக்கி, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வையுங்கள். இனிக் காலால் தரையை உந்தி உந்திப் போகட்டும். முதல் நாள் பிரேக் பிடிக்க மட்டும் பழகினாலே போதும்; நிற்கத் தெரிந்தவனுக்குப் பயம் குறையும். பிறகு ஒரு உந்தலுக்குப் பின் இரண்டு காலையும் தூக்கி "ஒன்று" எண்ணும்வரை போகட்டும், அப்புறம் "ஐந்து" வரை. முன் ரயரைப் பார்க்கிற பிள்ளை விழும். "எங்க பாத்தா நேராப் போகுது?" என்று கேளுங்கள், தூரத்து மதிலையோ பனையையோ அவனே சொல்லுவான். உதவுபவர் ஹாண்டிலைப் பிடிக்கக்கூடாது, முதுகில் கை வைத்தால் போதும். பத்து எண்ணும்வரை கால் தூக்கிப் போகத் தெரிந்த பிறகே பெடலைப் பூட்டவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிநேரம் போராடுவதைவிட நாளுக்கு இருபது நிமிடம் பலன் தரும். மற்றப் பிள்ளைகள் பார்க்காத ஒழுங்கையாக இருப்பது இந்த வயதில் மிக முக்கியம்.

ஒழுச் செய்வது இதேபோல அன்றாடம் பலமுறை வரும் காரியம். வரிசை இருக்கிறது, மூன்று மூன்று தடவை எண்ண இருக்கிறது, வலம் இடம் இருக்கிறது, கடைசியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் கழுவவேண்டியிருக்கிறது. எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். சிலருக்கு வரிசை மறக்கும். சிலருக்கு முழங்கையில் ஊற்றும் தண்ணீர் சாரத்தை நனைத்துவிடும். ஒற்றைக் கால் பெரும்பாலானோருக்குச் சிக்கல். "கால் கழுவேக்க விழாம இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால், ஒருவன் சுவரைப் பிடிப்பேன் என்பான், இன்னொருவன் குந்தியிருப்பேன் என்பான். இரண்டும் சரி. பள்ளிவாசலில் ஒழுச் செய்யும் இடத்தில் ஒரு கல்லிருக்கையும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்தால் முதியவர்களும் துஆச் செய்வார்கள்.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. தொழுகை ஒரு இபாதத். அதைத் தேகப்பயிற்சியாக்கி, "சுஜூது செய்தால் ஓட்டிசம் போகும்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதை நிறைவேற்ற உடம்பு வேண்டும் என்பதும் உண்மை. ஜமாஅத்தில் இந்தப் பிள்ளை எப்போதும் ஒரு அசைவு பின்னால் நிற்பான். எல்லோரும் சுஜூதிலிருந்து எழும்போது அவன் கையூன்றி எழும்ப வழி தேடிக்கொண்டிருப்பான். தொடுகை பிடிக்காத ஓட்டிசப் பிள்ளைக்குத் தோளோடு தோள் சேர்ந்த ஸப்பு பெரிய சோதனை. ஸப்பின் ஓரத்தில், வாப்பாவுக்கோ நானாவுக்கோ பக்கத்தில் இடம் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். சிறுவர்களைப் பின்னுக்கு விரட்டும் பழக்கமுள்ளவர்கள் இவனையும் உயரத்தைப் பார்த்து முன்னுக்கும், தடுமாற்றத்தைப் பார்த்துப் பின்னுக்கும் தள்ளுவதை நிறுத்தவேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமிருப்பது யாவரும் அறிந்ததே; புத்தி வளர்ச்சி மிகக் குறைந்தவருக்குக் கடமை எந்த அளவு என்பதை ஆலிமிடம் கேட்கவேண்டும், அயலவரிடம் அல்ல.

பொல்லடி

ஈரானின் இஸ்பஹான் ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து முதல் பதினாறு வயது வரையான 30 ஓட்டிசப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாரம் நான்கு தடவையாக 14 வாரம் கராத்தேயின் 'கட்டா' அசைவுகளைப் பழக்கினார்கள். கையை உதறுதல், ஆடுதல் போன்ற திரும்பத் திரும்ப வரும் செய்கைகள் பழகியவர்களில் குறைந்தன. பயிற்சியை நிறுத்தி ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் குறைந்தே இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் கட்டா என்றால் என்ன? ஒரே வரிசையில், ஒரே எண்ணிக்கையில், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுக் கோவை. அடுத்து என்ன வரும் என்பது தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி.

நம்மிடம் அப்படியொன்று இருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடி, களிகம்பு என்றும் சொல்வார்கள். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆண்கள் வட்டமாக நின்று, அண்ணாவியார் பாட, கையிலுள்ள கம்பைத் தனக்குள்ளும் சோடியோடும் அடித்துக்கொண்டு வளைய வருவது. கல்யாண ஊர்வலத்திலும் விழா வரவேற்பிலும் பார்த்திருப்பீர்கள். அதைப் படிப்படியாகப் பிரித்தால் அருமையான பயிற்சி. முதலில் நிலத்தில் சப்பணமிட்டு இருந்து தன் இரண்டு கம்பையும் தாளத்துக்கு அடிக்கட்டும். பிறகு முன்னால் இருப்பவரின் கம்பில், அதன் பிறகு நின்றபடி, அடுத்து ஒரு காலடி வைத்து. வட்டமாகத் திரும்புவது எல்லாவற்றுக்கும் கடைசி. வலக்கை இடப்பக்கம் கடந்து போவது, எதிரிலிருப்பவரின் நேரத்துக்குத் தன் நேரத்தைப் பொருத்துவது, பலத்தை அளந்து போடுவது எல்லாம் அதிலேயே வருகிறது. பதினான்கு வயதுப் பையன் இதைச் செய்ய வெட்கப்படமாட்டான். ஆண்கள் செய்வது, கையில் கம்பு வேறு. இதைச் சிகிச்சையாக ஆராய்ந்து நிறுவியிருப்பதாக நான் சொல்லவரவில்லை. கிழக்கிலிருந்து ஒரு அண்ணாவியாரை அழைத்து ஒரு மாதம் வைத்திருக்கக் கூடிய செலவு, வெளிநாட்டு முறை ஒன்றின் பெயரில் நடக்கும் இரண்டு நாள் கருத்தரங்கின் செலவைவிட அதிகமாக இராது என்பதே என் எண்ணம்.

'நடனச் சிகிச்சை' என்று சொன்னதும் நமது வீடுகளில் கதவு சாத்தப்படும். பெயரைப் பற்றிச் சண்டையிடத் தேவையில்லை. உள்ளே இருப்பது தாளம், வரிசை, சமநிலை, சோடியோடு சேர்ந்து அசைதல். மேடையும் பார்வையாளரும் இல்லாமலே அவ்வளவும் நடக்கும். பெண் பிள்ளைகளின் நிலை வேறு, அதிலும் கடினமானது. வயதுக்கு வந்ததும் விளையாட்டும் சைக்கிளும் குறைந்துவிடுகின்றன. குறைபாடுள்ள பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பெண் ஆசிரியை, மூடிய மண்டபம், ராத்தாவோ மச்சியோ சோடி. இவ்வளவு இருந்தால் கண்ணாடி விளையாட்டும் கயிறடித்தலும் முதுகோடு முதுகு தள்ளுவதும் எல்லாம் செய்யலாம். சமையலறையே அவளுக்குச் சிறந்த பயிற்சிக்கூடம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் அவள் ஓடவேண்டிய வயதை மறந்துவிடுகிறார்கள்.

தொடங்குமுன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டவேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. கண், காது, தைரொயிட் பார்க்கவேண்டும். முன்பு செய்த காரியத்தை இப்போது செய்ய முடியாமல் போகிறதென்றால், அடிக்கடி விழுகிறான், தரையிலிருந்து எழும்பத் தன் தொடையையே பிடித்து ஏறவேண்டியிருக்கிறதென்றால், அது தசைநோயாக இருக்கலாம், பயிற்சியால் தீராது. டவுண் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவர் சொல்லாமல் குத்துக்கரணமும் தலைகீழ் நிற்றலும் வேண்டாம், கழுத்தை நெட்டி முறிக்க யாரையும் விடவும் வேண்டாம். வலிப்புள்ள பிள்ளையைக் கடலிலோ கிணற்றடியிலோ தனியே விடக்கூடாது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டுவதற்குக் காசு வேண்டாம். கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் 2004இல் தொடங்கிய சிவபூமி பாடசாலை புத்தி வளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகளுக்கானது. கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன், பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்குகிறது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து போனவர்கள் 70,000க்கு மேல். நாம் இல்லாத அந்த வருடங்களில் குடாநாட்டில் வளர்ந்த சேவைகளை, திரும்பி வந்த குடும்பங்கள் தமக்குரியவையாக இன்னும் பார்க்கப் பழகவில்லை. புத்தளத்தில் பாதியும் சோனகத் தெருவில் பாதியுமாக வாழும் வீடுகளில் பிள்ளையின் கிளினிக் கொப்பி எந்த ஊரில் கிடக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. சைவப் பெயருள்ள பாடசாலை, கிறிஸ்தவப் பெயருள்ள பாடசாலை என்று தயங்குவது புரிகிறது. போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பதில் நட்டமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996லிருந்தே இருக்கிறது. இயலாமையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஒஸ்மானியாவிலோ கதீஜாவிலோ வேறு எந்தப் பாடசாலையிலோ பிள்ளை படித்தாலும், சாதாரண தரப் பரீட்சைக்கு விசேட ஏற்பாடு கேட்பதானால் அதிபரிடம் ஒரு வருடம் முன்பே பேச்சைத் தொடங்கவேண்டும். மருத்துவ அறிக்கை கையில் வர நாளெடுக்கும்.

வீட்டில் செய்வதற்கு ஒரு கொப்பி போதும். ஒரு நேரத்தில் ஒரே காரியம், இரண்டு வேண்டாம். தெறி பூட்டுவது என்றால் முதல் நாள் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். பிறகு வாரம் ஒரு தடவை குறித்தால் போதும், நாள்தோறும் மணிக்கூட்டைப் பிடித்தால் பிள்ளை வெறுத்துவிடும். பெரிய தெறியுள்ள சட்டையை மேசையில் விரித்து வைத்துத் தொடங்கலாம், பிறகு உடுத்தபடி. கீழ்த் தெறியிலிருந்து மேலே போவது இலகு, கண்ணுக்குத் தெரியும். பத்து வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் திட்டத்தை மாற்றுங்கள், அல்லது கொப்பியோடு சிகிச்சையாளரிடம் போங்கள். "ஒண்டும் சரிவருதில்ல டொக்டர்" என்பதைவிட அந்தக் கொப்பி அவருக்கு அதிகம் சொல்லும். சரிவந்துவிட்டதென்றால் அடுத்து என்ன என்பதை அவனிடமே கேட்கவேண்டும். இந்த வயதில் அது பெரும்பாலும் சவரம் செய்வதாகவோ, தனியே கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணி வாங்கி வருவதாகவோ இருக்கும்.